நீல வீட்டுக்காரரின் குரல்

மக்தலேனா ஆற்றங்கரையில் எவாரிஸ்தோவைத் தெரியாதவன் ஆற்றையே தெரியாதவன். பத்து வயதில் துறையில் வாழைத்தார் சுமந்தவர். கையெழுத்துப் போடத் தெரியும், அதுவும் மெதுவாக. ஆனாலும் இன்றைக்கு மூன்று மோட்டார்ப் படகு, மாடி வைத்த வீடு, யாருக்கும் குனியாத கழுத்து. எல்லாம் தோளால் சம்பாதித்தது. படித்தவன் எவனாவது செய்து காட்டட்டும்.

அவர் வீட்டு முன்சுவரைப் பார்த்துத்தான் சினிமாக்காரர்கள் மயங்கினார்கள். மழைக்காலம் முடிந்திருந்த நேரம். காரை பெயர்ந்து, அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் பச்சை என்று பழைய சாயமெல்லாம் எட்டிப் பார்த்தது. ஏழைப் பெண் ஒருத்தி ஜன்னலில் காத்திருக்கிற காதல் கதையாம். "அப்படியே இருக்கட்டும் ஐயா, அடுத்த வாரம் வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஊரில் அப்படிச் சொன்னால் யாருக்குப் புரியும்? புனித வாரத்தில் சிலுவை ஊர்வலம் வருமுன் வீட்டுக்கு வீடு முன்சுவருக்குச் சாயம் அடித்துவிடுவார்கள். கடவுளுக்கே அழுக்குச் சுவரைக் காட்டாதவர்கள் காமிராவுக்குக் காட்டுவார்களா? எவாரிஸ்தோ ஆள் வைக்காமல் தானே ஏணி ஏறினார். பளிச்சென்று நீலம், ஜன்னலுக்கு வெள்ளை.

வந்த இயக்குநர் சுவரைப் பார்த்துத் தலையில் கை வைத்துத் தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டைப் பார்த்தான். பெத்ரோனா வீடு. புருஷன் ஆற்றோடு போனதிலிருந்து அவள் சாயமே அடித்ததில்லை.

எவாரிஸ்தோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தப் புருஷன் செத்தவ வீட்டையா புடிக்கப் போறீங்க? தெருவுக்கே அசிங்கம்யா அது. சுண்ணாம்புக்கு வக்கில்லாதவ" என்று மாடியிலிருந்து கத்தினார். ஊர்க்காரர் யார் காதிலும் விழவில்லை. படம் பிடிக்கத் தெருக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். பெத்ரோனா பூசைக்குப் போயிருந்தாள். கீழே ஒலிப்பதிவுக்காரன் கருவியை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

பூசை முடிந்து வந்தவளிடம் முந்திக்கொண்டார். "நான்தான் தங்கச்சி உன் வீட்டக் காட்டினேன். ஒனக்கு ஏதாவது கெடைக்கட்டுமேன்னு." ஊரெல்லாம் அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நிஜமாகிவிட்டது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் எதிர்வீட்டுத் தேங்காய்ப்பால் சோறு வந்தது. வாங்கிச் சாப்பிட்டார்.

மறுவருஷம் படம் ஊருக்கு வந்தது. மாதாகோவில் மண்டபத்தில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி மத்தியானமே போட்டார்கள். அவரவர் நாற்காலியை அவரவர் தூக்கி வந்தார்கள். எவாரிஸ்தோ முன்வரிசையில் பெத்ரோனாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "இவ வீட்டக் காட்டினது யாரு?" என்று திரும்பிக் கேட்டார்.

"நீங்கதாண்ணே" என்றான் முடிவெட்டும் உர்பானோ. "உங்க பேரப் போட்டுட்டுத்தான் படத்தோட பேரையே போடுவானாம்."

தெரு திரையில் வந்தது. யார் யாரோ தங்கள் கோழியைக் கூட அடையாளம் கண்டார்கள். காதலன் ஜன்னலுக்குள் கையை நீட்டினான். அந்தப் பெண் தன் கையைக் கொடுக்கப் போனாள். அப்போது தெருவிலிருந்து ஒரு குரல்: "தெருவுக்கே அசிங்கம்யா அது. சுண்ணாம்புக்கு வக்கில்லாதவ."

மண்டபம் முதலில் சிரித்தது. அந்தக் கரகரப்பு யாருடையது என்று கைக்குழந்தைக்கும் தெரியும். திரையில் அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டு, முகம் சுண்டி, ஜன்னலைச் சாத்தினாள். பெத்ரோனாவின் ஜன்னல். சிரிப்பு நின்றுபோனது.

எவாரிஸ்தோவுக்குக் காது மடல் எரிந்தது. பக்கத்து நாற்காலிப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. அந்தக் காதலர்கள் கடைசியில் சேர்ந்தார்களா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

"நாற்காலிய நான் கொண்டாறேன் தங்கச்சி."

"எனக்குத் தூக்கத் தெரியும்ணே."

அடுத்த ஞாயிறு சோறு வரவில்லை. போன வாரத்துக் கிண்ணம் மட்டும் அடுப்படியில் கிடந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் அங்கே இல்லை. எதையாவது போட்டுக் கொடுத்துவிட்டு வா என்று மனைவியிடம் சொன்னார்.

"உங்க வாய் செஞ்சதுக்கு என் காலா நடக்கணும்?" என்றாள் எலோயீசா. "நீங்களே ஆக்குங்க, நீங்களே போங்க."

மரவள்ளிக்கிழங்கை அவரே வேகவைத்தார். கொல்லை வழியாகப் போகலாமென்று பார்த்தார். எதிர்வீட்டுக்குக் கொல்லை வழி ஏது? தெருவைக் கடந்துதான் ஆகவேண்டும். தெரு முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெத்ரோனா பயறு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அந்த சினிமாக்காரங்கள ஒன் வீட்டுக்கு நான் அனுப்பல."

"காதுல விழலண்ணே."

"நான் அனுப்பல. உன் வீட்டப் பத்திப் பேசக் கூடாததப் பேசினேன்."

"அன்னிக்கு மண்டபத்துல ஒங்க கொரல் நல்லாத்தானே கேட்டுச்சு. அந்த அளவுக்குச் சத்தமா சொல்லுங்க."

உர்பானோ விசிறுவதை நிறுத்தினான். குனியாத அந்தக் கழுத்து மெல்ல இறங்கியது. பிறகு எவாரிஸ்தோ, படகுத்துறை வரை கேட்கிற குரலில், தான் அனுப்பாததையும் பேசக் கூடாததைப் பேசியதையும் மறுபடி சொன்னார்.

பெத்ரோனா கிண்ணத்தை வாங்கிக் கிழங்கை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வேகல" என்றாள். கிழங்கை அவர் கையிலேயே எடுத்து வைத்துவிட்டு, கிண்ணத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.