மூக்கு நுனியில் இரும்புக் குண்டு

குண்டு டீச்சர் என்ற பேரைக் கேட்டுவிட்டு ஆளைப் பற்றி யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். ஆள் பரம ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் குடையை அவள் பிடித்திருக்கிறாளா, குடை அவளைப் பிடித்திருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். பேர் வந்தது ஒரு இரும்புக் குண்டால். பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறையில் துருப்பிடித்துக் கிடந்த, குண்டு எறிதல் போட்டிக்கான குண்டு அது. விளையாட்டு மாஸ்டர் முணுமுணுக்க முணுமுணுக்க, இவள் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். பந்து போட்டு வைக்கிற வலைப்பையில் போட்டு, ஆய்வுக்கூடத்தில் பழைய மின்விசிறி மாட்டியிருந்த கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து பிசிக்ஸ் டீச்சர் குண்டு டீச்சர் ஆகிவிட்டாள்.

அந்தக் குண்டை வைத்துக்கொண்டு அவள் செய்கிற காரியத்தைக் கேளுங்கள். பின்மண்டை சுவரில் ஒட்டுகிற மாதிரி நேராக நிற்பாள். குண்டை இழுத்துத் தன் மூக்கு நுனியில் வைப்பாள். பட்டென்று கையை எடுத்துவிடுவாள். குண்டு விர்ரென்று அறையைக் கடந்து எதிர் ஜன்னல் பக்கம் போகும். ஜன்னல் திரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்று, யோசித்து, அதே விர்ரோடு அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பி வரும். முதல் பெஞ்சில் இருக்கிற பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொள்ளும். டீச்சர் இமைகூடக் கொட்டமாட்டாள். குண்டு மூக்குக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். குண்டில் முன்னாலேயே சாக்பீஸ் பொடி தடவி வைத்திருப்பாள். பட்டிருந்தால் மூக்கு வெளுத்திருக்கும் இல்லையா? ஒவ்வொரு பெஞ்சாகப் போய் மூக்கைக் காட்டிவிட்டு வருவாள்.

"விட்ட இடத்தைத் தாண்டி ஒரு நூல் கூட வராது. யாரும் தள்ளாத வரைக்கும்" என்பாள். இது ஒன்றுதான் அவளுடைய பாடத்தின் முதல் நாள் பாடம்.

மற்ற நாட்களில் மட்டும் என்ன, சும்மாவா இருப்பாள்? ரீங்கரிக்கத் தட்டிய இசைக்கவையைத் தண்ணீரில் முக்கி முன்வரிசைக்கு அபிஷேகம் செய்வாள். வராந்தா நீளத்துக்கு ஒரு நீளச் சுருள்கம்பியை இழுத்துப் பிடித்து, இந்த முனையில் ஓர் உதறு உதறினால் அலை எப்படி அந்த முனைக்கு ஓடுகிறது பார் என்பாள். அந்தக் கம்பி தடுக்கித் தலைமையாசிரியை ஒருநாள் விழப் பார்த்தார். நாணயத்தின் தலையில் காகிதத் துண்டை வைத்துக் கீழே போட்டு, இரண்டும் சேர்ந்தே விழுவதைக் காட்டுவாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அதையே செய்து, நாணயத்தையெல்லாம் அலமாரிக்கு அடியில் உருட்டிவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்டவளுக்கு வீட்டில் என்ன பேர் தெரியுமா? பயந்தாங்கொள்ளி. பொய் சொல்லக் கூடாது, பேருக்கு ஏற்ற ஆள்தான். பல்லிக்குப் பயம். பலூனுக்குப் பயம். எல்லாவற்றுக்கும் மேலே ரோட்டைக் கடக்கப் பயம். புருஷனோ பஸ் ஓட்டுகிறவர்! பஸ் ஓட்டுகிறவரின் மனைவி ரோட்டோரத்தில் நின்று, அந்த வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது, என்ன வேகத்தில் வருகிறது, நாம் நடந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். கணக்கு முடிவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். அப்புறம் அவளுடைய அக்கா வந்து கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறாள். அந்த வட்டாரத்தில் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு இடுப்பு என்று பெற்றவளுக்குத் தெரியாவிட்டாலும் இவளுக்குத் தெரியும். நல்ல மனசுக்காரி. ஆனால் எதையும் அதன் போக்கில் விடத் தெரியாது. கதவைத் திறப்பதென்றால் தள்ளித்தான் திறப்பாள், அது இழுத்துத் திறக்கிற கதவாக இருந்தாலும். தங்கையைக் கல்லூரிக்குத் தள்ளியவள் அவள்தான். வேலைக்குத் தள்ளியவளும் அவள்தான். கல்யாணத்துக்குச் சரி சொல்ல வைத்தவளும் அவள்தான். எல்லாம் நல்லபடியாகவே முடிந்துவிட்டதால் தங்கையால் குறை சொல்லவும் முடியவில்லை.

குறை என்று ஒன்று இருந்தால் அது முன்பல்லில் இருந்தது. சின்ன வயசில் பூங்கா ஊஞ்சலில் தங்கை உட்கார்ந்திருப்பாள், அக்கா தள்ளுவாள். மெதுவாகத் தள்ளினாலும் பலமாகத் தள்ளினாலும் ஊஞ்சல் போய்வர ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது என்று அந்தக் குட்டிக்கு அப்போதே ஒரு சந்தேகம். வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஆடுவாள். ஒருநாள் திடீரென்று ஊஞ்சல் எங்கேயோ பறந்தது, அவள் வேறெங்கேயோ பறந்தாள், பல்லில் ஒரு மூலை உடைந்தது. இவ பயந்து போய்ச் சங்கிலியை விட்டுட்டா என்று அக்கா வீட்டில் சொன்னாள். அதுவே குடும்பச் சரித்திரம் ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பறந்தவளுக்கு நடந்தது என்ன என்று தெரியாது. பயந்துதான் விட்டிருப்போம் என்று அவளும் நம்பிவிட்டாள். இன்றைக்கும் சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள்.

இந்த வருஷம் தலைமையாசிரியை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பிசிக்ஸ் எடுக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிற நாளன்று போதுமான பேர் சேராவிட்டால் அந்தப் பிரிவையே எடுத்துவிட வேண்டியதுதான், ஆய்வுக்கூடத்தைச் சாமான் அறையாக்கிவிடலாம், டீச்சர் சின்ன வகுப்புகளுக்குப் பொது அறிவியல் எடுக்கட்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருக்கிறவர்களின் நெருக்கடி. டீச்சர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, தொங்குகிற குண்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அந்த அறை போய்விட்டால் அவளுக்கு உலகத்தில் பயமில்லாமல் நிற்க வேறு இடம் கிடையாது.

விஷயம் அக்காவின் காதுக்குப் போனது. உனக்குக் கூட்டம் சேர்க்கத் தெரியாது, நான் வர்றேன் என்று சொன்னவள், அந்த நாள் வந்ததும் கடையை மூடிவிட்டு, வழியில் கண்ட அம்மா அப்பாவையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் நிற்க இடமில்லை. டீச்சர் இசைக்கவையைத் தட்டி, நூலில் தொங்கிய பிங்பாங் பந்தின் மேல் வைத்தாள். பந்து துள்ளி விலகியது. சத்தம் என்பது நடுக்கம்தான் என்றாள். ஒரு தாத்தா தானும் தட்டிப் பார்க்கக் கேட்டார். சூழ்நிலை நன்றாகத்தான் இருந்தது. அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. குண்டை எடு குண்டை எடு என்று கண்ணாலேயே விரட்டினாள்.

டீச்சர் சுவரோரம் போய் நின்றதும் அக்கா முன்னால் வந்துவிட்டாள். நீயே பிடித்து நீயே விட்டால் ஏதோ தந்திரம் என்று நினைப்பார்கள், நான் விடுகிறேன் என்றாள். கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. டீச்சர் மட்டும் அக்காவின் கையைப் பார்த்தாள்.

"சும்மா கையை எடுக்கணும்க்கா. தள்ளாதே."

"ஒரு குண்டை விடக்கூட எனக்குத் தெரியாதா?"

அக்கா பக்கத்தில் நின்று குண்டைத் தங்கையின் மூக்கில் வைத்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அக்கா விட்டாள் என்று சொல்ல மனசு வரவில்லை. விடுகிற சாக்கில் மணிக்கட்டு ஓர் உந்து உந்தியது, அவளுக்கே தெரியாமல். குண்டு பாய்ந்து போனது. டீச்சர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் திரைக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிற குண்டு, இன்றைக்குத் திரையை உரசிவிட்டுத் திரும்பியது.

ரோட்டோரத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் முடியாத கணக்கு, அந்த ஒரு நொடியில் முடிந்துவிட்டது. டீச்சர் தொப்பென்று கீழே உட்கார்ந்தாள். தலை இருந்த இடத்தில் குண்டு சுவரில் மோதி, சாக்பீஸ் தடம் பதித்தது. காரை உதிர்ந்து அவள் தலையில் கொட்டியது.

முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும். டீச்சரே நம்பாத பாடத்தை நம்ம பிள்ளை எப்படி நம்பும் என்று ஓர் அப்பா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது நன்றாகவே கேட்டது. வாசல் பக்கம் இருந்தவர்கள் நகர ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வேறு, நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று, இவ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், பேசாமல் நின்றிருந்தால் குண்டு மூக்கோடு நின்றிருக்கும், இவள் விலகினதால்தான் அது நேரே போய்ச் சுவரில் முட்டிவிட்டது என்று விளக்கம் கொடுத்தாள். பல பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

வேறு நாளாக இருந்தால் டீச்சர் வாயைத் திறந்திருக்கமாட்டாள். பிறந்ததிலிருந்து அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இப்படி ஒரு விளக்கத்தை, அதுவும் தன் ஆய்வுக்கூடத்தில், அவளால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. காரைப் பொடியைக்கூடத் தட்டாமல் எழுந்தாள்.

"அங்கே மூக்கு இருக்கா இல்லையான்னு குண்டுக்குத் தெரியாதுக்கா. நீ தள்ளினே."

சும்மா பிடித்து விட்டதோடு சரி, தள்ளவே இல்லை என்று அக்கா சாதித்தாள். டீச்சர் வாதாடவில்லை. சுவருக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாம் என்றாள். மூக்கு இருந்த அதே இடத்தில் குண்டைப் பிடித்து, தானே சும்மா கையை எடுத்தாள். போனது, திரைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது, வந்தது, சுவரைத் தொடாமல் பழைய இடத்திலேயே நின்று திரும்பியது. இரண்டு மூன்று முறை அப்படியே விட்டுக் காட்டினாள். அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு, முன்னே செய்தது போலவே செய்யச் சொன்னாள். அக்கா விட்டாள். எல்லோரும் இப்போது அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டு திரையை உரசிவிட்டு வந்து சுவரில் டொம்மென்று மோதியது. முதல் சாக்பீஸ் தடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு வெள்ளைத் தடம். வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

அக்கா தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆளா? சரி, நான் நிற்கிறேன், நீ விடு என்று சுவரோரம் போய் மார்பை நிமிர்த்தி நின்றாள். தங்கை விட்டாள். குண்டு போகிற வரைக்கும் அக்கா அக்காவாகத்தான் இருந்தாள். அது திரும்பியதும் ஒரே ஓட்டம்! செருப்பு ஒன்று சுவரோரத்தில், ஆள் தலைமையாசிரியைக்குப் பின்னால். குண்டு யாருமில்லாத இடத்துக்கு வந்து, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்று, திரும்பிப் போனது.

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அக்காவே சிரித்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை என்று வந்து நின்றாள். இந்தத் தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குண்டு மூக்கு நுனிக்கு வந்து, காற்றை மட்டும் கொடுத்துவிட்டுப் போனது. அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். மூக்கைத் தடவி விரலைப் பார்த்தாள். பொடி இல்லை.

"நீ வருஷா வருஷம் கண்ணைத் திறந்துகிட்டா நிப்பே?" என்று மெதுவாகக் கேட்டாள். டீச்சர் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அப்புறம் நடந்தது அக்காவின் தொழில். உங்கள் பையனுக்குக் கால்சட்டையை நான்தானே தைத்தேன், இங்கே வாருங்கள், உங்கள் பெண்ணுக்கு மூளை இருக்கிறது, பேரைக் கொடுங்கள் என்று ஒவ்வொருவராகத் தலைமையாசிரியையின் மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். டீச்சர் தடுக்கவில்லை. நம்ம பிள்ளை எப்படி நம்பும் என்று கேட்ட அப்பா மட்டும் தள்ளாமலேயே வந்து மகளின் பேரைக் கொடுத்தார். பிரிவு நிலைத்தது. சுவரில் இருக்கிற இரண்டு தடத்துக்கும் வெள்ளையடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று தலைமையாசிரியையே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அக்கா வழியெல்லாம் பேசவே இல்லை. அது அவளுக்கு உடம்புக்கு ஆகாத விஷயம். ரோட்டோரம் வந்ததும், தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த ஊஞ்சல்... அன்னைக்கும் நான்தான் வேகமாத் தள்ளியிருப்பேன், இல்லையா?"

"தெரியலைக்கா. நான் கண்ணை மூடியிருந்தேன்."

"நான் மூடலை" என்றாள் அக்கா.

டீச்சர் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. நாம் சங்கிலியை விடவில்லை என்று தெரிந்ததும் சந்தோஷம்தான் வந்தது. வாயை மூடிக்கொள்ள மறந்து சிரித்தாள்.

அக்கா பழக்க தோஷத்தில் அவள் கையைப் பிடித்தாள். இழுக்கப் போனவள் நின்றாள். கையை விடவில்லை, இழுக்கவும் இல்லை. "எப்போ போகலாம்னு நீ சொல்லு" என்றாள்.

டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு லாரி போனது. ஒரு சைக்கிள் ஆடி அசைந்து போனது. அதற்குக்கூடவா நிற்க வேண்டும் என்று அக்காவின் வாய் வரை வந்திருக்கும், சொல்லவில்லை, நின்றாள்.

"இப்போ" என்றாள் டீச்சர். இருவரும் ரோட்டைக் கடந்தார்கள்.