கூப்பிடுகிற அடி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மனைவிக்குச் சாமி வந்துவிட்டது. கோயிலில் அல்ல... என்னுடைய ராக் கச்சேரியில்.

தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தேன்மொழியைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன் — பாசிர் கூடாங்கில் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் மேனேஜரையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிற ஆள். கோயிலுக்கு வருவாள், கும்பிடுவாள், பிரசாதம் வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவாள். யாராவது சாமி வந்து ஆடினால், "தண்ணி குடிக்காம வெயில்ல நின்னா அப்படித்தான்" என்பாள்.

மூன்று மாதத்துக்கு முன் அவளுக்கு முதுகில் ஆபரேஷன். தண்டுவடத்தை ஒட்டி. குனியக் கூடாது, குதிக்கக் கூடாது, சட்டென்று திரும்பக் கூடாது, மீறினால் கால் போய்விடும் என்று டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அவள் வெளியே வந்த முதல் நிகழ்ச்சி என் கச்சேரி. இடுப்பில் பெல்ட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண டின்னர்களில் சினிமாப் பாட்டு. முதுகில் கிட்டாரைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூர் பப்களில் ஆங்கிலப் பாட்டு. மிச்சமிருக்கும் நேரத்தில் சொந்தப் பாட்டு — ராக் கிட்டாரும் நம் தாளமும் கலந்தது. ராக் ரசிகர்கள் கேட்டுவிட்டு, "என்ன ப்ரோ, கோயில் மாதிரி இருக்கு" என்பார்கள். கோயில்காரர்கள், "என்ன தம்பி, ஒரே இரைச்சல்" என்பார்கள். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. போஸ்டர் ஒட்டுவதும் நான்தான், மைக் டெஸ்ட் செய்வதும் நான்தான்.

இந்த முறை முழுக்க முழுக்க என் பாட்டுகள் மட்டும். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு டேவானை, சின்ன மண்டபம்தான், வாடகைக்குப் பிடித்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து ஓர் இசைவிழா ஏற்பாட்டாளர் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். நாற்பத்து நான்கு வயதில் வருகிற வாய்ப்பு... விடுவேனா? அங்கேதான் தப்பு செய்தேன்.

என் குழுவில் உருமி வாசிப்பவன் குணா. காஹாங்கில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. அந்தப் பக்கத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் உருமி அவனுடையதுதான். சாமி அழைக்க ஓர் அடி வாசிப்பார்களே, அதைக் கடைசிப் பாட்டில் வாசிக்கச் சொல்லி ஒத்திகையில் கேட்டேன்.

"அது வேணாண்ணே."

"எட்டே எட்டு செகண்டு லா, குணா. மேடைதானே?"

"மேடையா இருந்தா என்ன? அது கூப்புடுற அடிண்ணே. கூப்ட்டா வந்துரும். அங்க திருநீறு குடுக்க யாரு இருக்கா? இறக்கிவிட யாரு இருக்கா?"

எதை வாசிக்க மாட்டேன் என்கிறான் என்று எனக்குப் புரிய வேண்டுமே! அதற்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு, உருமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டினான். வளைந்த குச்சி தோலில் இழுபட்டு எழுந்த உறுமலில் எனக்குப் பிடரி சிலிர்த்தது. "இதான். இத நான் வாசிக்க மாட்டேன்" என்றான்.

என் காலடியில் லூப்பர் பெடல் இருந்தது. உருமிக்கு வைத்த மைக் அதன் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. ஒரு மிதி மிதித்தால் மைக்கில் விழுவதைப் பதிவு செய்யும். இன்னொரு மிதி மிதித்தால், பதிந்ததைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். மூன்றாவது மிதிக்கு, அதன் மேலேயே இன்னொரு பதிவு. நிறுத்த வேண்டுமென்றால் சட்சட்டென்று இரண்டு மிதி.

அவன் வாசிக்க ஆரம்பித்ததுமே நான் மிதித்துவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பாட்டு. டேவான் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. கிட்டாரை உச்சத்துக்குக் கொண்டுபோய், ஷூ காலால் பெடலை மிதித்தேன். குணாவின் கை சும்மா இருந்தது, குணாவின் அடி ஸ்பீக்கரில் வந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. என் கண் ஏற்பாட்டாளர் மேல் இருந்தது. மனிதர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

நாலாவது சுற்றில் முன்வரிசையில் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது.

தேன்மொழி எழுந்து நின்றாள். தலை குனிந்திருந்தது. குதிகால் தரையில் தட்டியது — இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். பிறகு கொண்டை அவிழ்ந்தது. ஒரு குரல் எழுந்தது. பதினேழு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. உடம்பு இடுப்பிலிருந்து சுழல ஆரம்பித்தது. எந்த இடுப்பு? பெல்ட் போட்டிருந்த அதே இடுப்பு!

கால் போய்விடும், கால் போய்விடும் என்று டாக்டர் சொன்னது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது.

நிறுத்த மிதித்தேன். அவசரத்தில் இரண்டு மிதி ஒரு மிதியாகிவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது... பதிவு! மைக் அவள் குரலையும் பிடித்துக்கொண்டது. அடுத்த சுற்றில் உருமியோடு சேர்ந்து ஸ்பீக்கரிலிருந்தும் என் மனைவி அலறினாள். பதறிப்போய் மறுபடி மிதித்தேன், மறுபடியும் தப்பு. கீழே ஒரு தேன்மொழி, ஸ்பீக்கரில் இரண்டு தேன்மொழி.

"அலமாக்!" என்று யாரோ கத்தினார்கள். ஜனங்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு பின்னால் ஒதுங்கினார்கள். பிடிக்கப் போன இரண்டு பெண்களை அவள் ஒரே உதறில் தள்ளிவிட்டாள். நான் கிட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெடலின் வயரைப் பிடுங்கக் குனிந்தேன்.

"புடுங்காதீங்க!" குணாதான் கத்தினான். "சட்டுனு நின்னா அப்படியே விழுந்துருவாங்கண்ணே! அண்ணியோட முதுகு என்னாவும்? ஏத்துனத இறக்கித்தான் விடணும். சவுண்ட கொறைங்க... மெதுவா லா, மெதுவா!"

மண்டியிட்டு, பெடலில் இருக்கிற வால்யூம் குமிழைப் பிடித்துக்கொண்டேன். குணா வெறுங்காலோடு மேடையிலிருந்து இறங்கி அவள் எதிரில் போய் நின்றான். முதலில் ஸ்பீக்கரில் வந்ததையே கூடச் சேர்ந்து வாசித்தான். அவன் தலையை அசைத்தபோதெல்லாம் நான் குமிழை ஒரு நூல் அளவு குறைத்தேன். ஸ்பீக்கர் அடங்க அடங்க அவன் உருமி மேலே வந்தது. அப்புறம்தான் அவன் வேகத்தைத் தளர்த்தினான்.

எவ்வளவு நேரம்? மூன்று நிமிடம் என்கிறார்கள். எனக்குத் தெரியாது. 'தாயே, அவள் காலை மட்டும் விட்டுவிடு' என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். யாரிடம் வேண்டினேன் என்றும் தெரியாது.

சுழன்ற உடம்பு ஆடியது. ஆடிய உடம்பு நடுங்கியது. பிறகு நின்றது. "மலையேறிருச்சு" என்று சொல்லிக் குணா குச்சியைத் தோலிலிருந்து எடுத்தான். அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஓர் அம்மா தன் கைப்பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் நெற்றியில் பூசினார். தேன்மொழி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவிழ்ந்து கிடந்த முடியைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க... கடைசிப் பாட்டு இன்னும் வாசிக்கலையா?"

நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லையாம். அப்படி என்ன செய்தாள் என்று கேட்டார். கொஞ்சம் ஆடினாள் என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் காலையில் ஏற்பாட்டாளரிடமிருந்து மெசேஜ். 'கடைசிப் பாட்டில் பார்வையாளர்களுக்கு நடுவே ஒருவரை நடிக்க வைத்தது பிரமாதம். நம் விழாவிலும் அதே பெண்ணை வைத்து அப்படியே செய்ய முடியுமா?'

இருபத்திரண்டு வருடமாக நான் காத்திருந்த மெசேஜ் அது. அந்தப் பாட்டு இனிமேல் கிடையாது, மற்றவை இருக்கின்றன என்று பதில் போட்டேன். இதை எழுதும் வரை அந்தப் பக்கத்திலிருந்து சத்தமில்லை.

குணா புதன்கிழமைதான் போனை எடுத்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"செருப்ப கழட்டிட்டு வாசிச்சேன்ண்ணே. நீங்க அத ஷூ காலால மிதிச்சிட்டீங்களே" என்றான். பிறகு, "அழிச்சிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

என் கிட்டாரில் யார் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். ஒருத்தன் கும்பிட்டு வாசித்ததை மிதித்து மிதித்து வாசித்தபோது அந்தப் புத்தி எங்கே போனது? ஃபியூஷன் என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டால் எதையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று நமக்கு ஒரு நினைப்பு... எனக்கு இருந்தது.

அழிப்பதில் ஒரு சிக்கல். வயரைப் பிடுங்கினாலும் அந்தப் பெடலில் பதிந்தது போகாது. மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் அழுத்தியதுமே முதலில் வாசிக்க ஆரம்பித்துவிடும். உருமி மட்டுமா? அவள் குரலும் அதற்குள் இருக்கிறதே! இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை.

நேற்று மத்தியானம் துணிந்தேன். அறைக் கதவைச் சாத்தினேன். ஸ்பீக்கர் வயரைக் கழற்றினேன், இரண்டு தடவை சரிபார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, காலால் இல்லை, கையால் அழுத்தினேன். பச்சை விளக்கு மினுங்கியது. ஒன்று... இரண்டு... மூன்று. அணைந்தது. ஒரு சத்தமும் இல்லை.

கதவைத் திறந்தேன். சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டியபடி தேன்மொழி நின்றிருந்தாள். குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது — இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். நான் வந்த சத்தம் கேட்டதும் நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லங்க. கால் மரத்துப் போச்சு."

மரத்துப் போயிருந்தாலும் எனக்குப் பயம்... இல்லையென்றாலும் பயம்.