முத்திரை அண்ணன் குறித்த கதவு

1996ஆம் ஆண்டு மழைக்காலத்தில்தான் நாடக இயக்குநர் முத்திரை அண்ணனை முதன்முதலாகச் சந்தித்தார். அரங்க விண்ணப்பம் நனைந்துபோக, நகலெடுக்கும் கடைக்குள் ஓடிவந்த இளம்பெண்ணான இயக்குநரிடமிருந்து தாள்களை வாங்கி மின்விசிறிக்கு நேரே பிடித்தார் கடைக்காரரான அவர்.

"மூணாவது பக்கத்துல கையெழுத்தே இல்லையேம்மா. காய வெச்சு என்ன பிரயோசனம்?"

அடுத்த ஆண்டே கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் இயக்குநரின் நாடகக் குழுவுக்கு மேலாளராக வந்து சேர்ந்தார். ஒத்திகை அட்டவணை, அரங்க ஒப்பந்தம், காவல்துறை அனுமதி எல்லாம் அவர் பொறுப்பு. எதற்கும் முத்திரை கேட்பதால் முத்திரை அண்ணன் ஆனார்.

"தும்மணும்னாலும் அண்ணன்கிட்ட ரெண்டு பிரதி குடுக்கணும்" என்று நடிகர்கள் கேலி செய்வார்கள்.

"மூணு. ஒண்ணு அரங்கத்துக்கு" என்பார் அவர், தலை நிமிராமலேயே.

குழு தனக்கென்று எடுத்த முதல் இடம் ஒரு பழைய கிடங்கு. முதல் காட்சியன்று பிற்பகல் தீயணைப்பு அதிகாரி சோதனைக்கு வந்தார். அவர் கையெழுத்திடாவிட்டால் காட்சி இல்லை. கிடங்கும் மறுநாளே கைவிட்டுப் போகும் என்று உரிமையாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அண்ணன் வரைந்து கொடுத்த தளவரைபடத்துடன் அதிகாரி மேடையின் இடப்பக்கம் நடந்தார். அவசர வழி எனக் குறித்திருந்த பச்சைக் கதவின் கைப்பிடியைப் பற்றி இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அது நாடகத்துக்காகப் பலகையில் தீட்டிய கதவு.

உண்மையான கதவு, பக்கத்தில் செங்கல் சுவராகத் தீட்டிய பலகைக்குப் பின்னால் இருந்தது. அண்ணன் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்தபடியே வரைபடத்தைப் போட்டிருக்கிறார்.

"தீப்பிடிச்சா நூறு பேரும் இந்தப் படத்துக்குள்ள புகுந்து போவாங்களா?" என்றார் அதிகாரி.

"தப்பு என்னோடதுங்க" என்றார் அண்ணன்.

"பக்கத்துத் தெருவுல ஒரு சோதனை இருக்கு. திரும்பி வரும்போது கதவு திறக்கணும்."

நாடகத்தின் உயிரே அந்தச் செங்கல் சுவரில்தான் இருந்தது. போக வழியின்றி நாயகி அதில் முட்டி நிற்பதுதான் முடிவு. இயக்குநர் சுவரைப் பார்த்தார்; வெளிறிப்போன அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பிறகு தச்சரிடம், "அறுத்துடுங்க" என்றார்.

பலகை விழுந்தது. கதவின் தாழ்ப்பாளோ துருவேறி அசைய மறுத்தது. அண்ணன் எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், தோளைக் கொடுத்து முட்டினார். வாசலில் வண்டி வந்து நின்றது.

"அண்ணே, வந்துட்டார்" என்றார் தச்சர்.

அடுத்த முட்டில் கதவு திறந்து, அண்ணன் சந்துக்குள் போய் விழுந்தார். அதிகாரி எட்டிப் பார்த்தார். "இது கதவு" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

அன்றிரவு நாடகத்தின் கடைசிக் காட்சியில் நாயகி, திறந்திருந்த கதவின் முன் போக மனமின்றி நின்றாள். இயக்குநர் அந்த முடிவைப் பிறகு மாற்றவே இல்லை.

அண்ணனும் அதன்பின் எந்த அறைக்குள் சென்றாலும் கதவைத் திறந்து பார்க்காமல் உட்கார்ந்ததில்லை. பல ஆண்டுகள் கழித்து, அண்ணன் படுத்திருந்த மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருக்க, இயக்குநர் அருகில் அமர்ந்து புதிய நாடகத்தின் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் மெல்லக் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். அந்தத் திரையக் கொஞ்சம் தள்ளிவிடும்மா. கதவு எங்க இருக்குன்னே தெரியல."