நான் நட்ட நான்கு கம்புகள்

மழை மூட்டத்தில் பறவை பார்க்கப் போகிறவனுக்குக் கிறுக்கு என்பாள் என் மனைவி. காக்கைதான் வீட்டு மதிலிலேயே இருக்கிறதே, அது போதாதா என்பாள். பாறசாலையில் வீடு. ஸ்கூட்டரில் புறப்பட்டால் அரைமணிக்கு மேல் ஆகும் பொழிமுகத்துக்கு. ஆற்றைக் கடலில் சேரவிடாமல் நடுவே கிடக்கும் மணல்திட்டைத்தான் பொழி என்பார்கள். பத்து வருடமாக நான் போய் நிற்கும் இடம் அது.

எடவப்பாதி மழை தொடங்கியிருந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல். தொலைநோக்கியைத் துடைக்கத் துடைக்க மங்கியது. ஒன்றும் தேறாது என்று திரும்பும்போதுதான் ஓர் உப்புக்கொத்தி காலடியிலிருந்து ஓடியது. மலையாளத்தில் மணல்கோழி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, மணலின் நிறம். ஒரு சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டே ஓடியது. கூட்டிலிருந்து ஆளை விலக்க அது போடும் நாடகம் என்று எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தால் உள்ளங்கை அளவு குழியில் மூன்று முட்டைகள். இங்கே அது முட்டையிட்டு நான் பார்த்ததே இல்லை. தலைகால் புரியவில்லை.

அந்தத் திட்டில் பையன்கள் பைக் ஓட்டுவார்கள். அதனால் மறுநாள் எங்கள் தோட்டத்து மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கம்பு நான்கை வெட்டி, நுனியில் சிவப்புத் துணியைக் கட்டி, கூட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாக நட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. பிறகு மூன்று நாள் விடாமல் மழை, போக முடியவில்லை.

நாலாம் நாள் போனபோது இருபது பேர் என் கம்புகளுக்கு நடுவே மண்வெட்டியோடு நின்றார்கள். ஆறு பெருகிக் கரையோர வீடுகளில் தண்ணீர் ஏறிவிட்டதாம். பொழியை வெட்டிவிட்டால்தான் வடியும். எங்கே வெட்டுவது என்று பார்த்து, சிவப்புத் துணி கட்டிய கம்பை முன்கூட்டியே நட்டு வைப்பது அங்குள்ள வழக்கமாம். பத்து வருடம் பறவைகளை மட்டும் பார்த்தவனுக்கு இது எங்கே தெரியும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஆற்றுப் பக்கத்திலிருந்து வாய்க்கால் பாதி வந்துவிட்டது. கூட்டுக்குப் பத்தடிதான் பாக்கி. கம்பு என்னுடையது, இங்கே முட்டை இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வெட்டலாமா என்று கேட்டேன். கேட்கும்போதே கூச்சமாக இருந்தது. எதிர்க்கரையில் ஒரு பெண் அடுப்பைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மூத்தவர் ஒருவர் நிமிர்ந்தார். கோபமில்லை.

"நீங்க நட்டதாக்குமா சாரே? நாங்க பஞ்சாயத்துக்காரனுவ வெச்சதுண்ணுல்லா நெனச்சோம். எடம் நல்ல எடந்தான். இனி மாத்த ஒக்காது, தண்ணி ஓடத் தொடங்கியாச்சு."

பாராட்டு வேறு. எனக்கு அழுகை வந்தது.

அவரே போய் மூன்று முட்டைகளையும் கையில் ஏந்தி வந்து, மேட்டில் குழி பறித்து வைத்தார்.

"இங்ஙன இருந்தா போதாதா சாரே, அது வந்து இருந்துக்கிடாதா?"

இருந்துக்கிடும் என்று பொய் சொன்னேன். வேறென்ன சொல்ல?

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திட்டைக் கிழித்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. ஆட்கள் சிரித்தபடி கரையேறினார்கள், எனக்கும் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார்கள். எதிர்க்கரையில் வாசற்படி ஒன்று வெளியே தெரிந்தது. நான் அதற்குச் சந்தோஷப்பட்டேன், பொய்யில்லை.

எல்லாரும் போன பிறகும் தூறலில் காத்திருந்தேன். உப்புக்கொத்தி வந்தது. மேட்டின் பக்கம் திரும்பவே இல்லை. வாய்க்கால் ஓரத்தில் முன்னும் பின்னும் ஓடியது. நான் ஓரடி வைத்ததும் சிறகை ஒடித்துப் போட்டு, என்னைக் கூட்டிப்போக ஆரம்பித்தது. கூடு இருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது அந்த இடத்திலிருந்துதான் என்னை இன்னும் விலக்கப் பார்த்தது.

நான் ஏமாந்தவன்போல அதன் பின்னாலேயே நெடுந்தூரம் நடந்தேன்.