பலகைக்கு மட்டும் ஒரு பெயர்

ஆரணியில் நாங்கள் படித்தபோது ஒரே வகுப்பில் நான்கு ரேணுகாம்பாள்கள். படவேட்டு ரேணுகாம்பாள் அம்மனிடம் வேண்டிப் பிறந்த பெண்ணுக்கு அம்மன் பெயரையே வைப்பார்கள். நான் பெரணமல்லூர் ரேணு. பட்டுத்தறி வீட்டிலிருந்து வந்தவள் தறிக்கார ரேணு. இன்று அதே பள்ளியில் அந்தப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. போகட்டும், காலம் மாறும். தறிக்கார ரேணுவின் தம்பி கோபிநாத் செய்ததற்குத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாணமாகிப் பல வருஷம் அவனுக்குப் பிள்ளையில்லை. தறியை நிறுத்திவிட்டு ஆடி வெள்ளி தவறாமல் படவேட்டுக்குப் போய் அழுதவள் அக்காதான். பெண் பிறந்தால் உன் பெயர்தான் தாயே என்று அவனும் கூடவே நின்று கற்பூரம் ஏற்றினான். பெண் பிறந்தது. பெயர் சூட்டும்போது குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. அவள் குழந்தையை மடியில் வாங்கியதும் தம்பி மனைவி சத்யப்ரியா, "தன்விகான்னு சொல்லுங்க அண்ணி" என்றாள்.

"வேண்டிக்கினது வேற பேராச்சே?"

"அது பழைய பேரு அண்ணி. ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க."

அவள் தம்பியைப் பார்த்தாள். "அப்ப உங் கடை போர்டுல மட்டும் எதுக்குடா அந்தப் பேர வச்சிக்கினு இருக்க?"

"அது வியாபாரம்க்கா. ராசியான பேரு" என்றான், கொஞ்சமும் கூசாமல்.

கல்லாப்பெட்டிக்கு அம்மன் வேண்டும், கார் கண்ணாடிக்கு வேண்டும், பெற்ற பெண்ணுக்கு மட்டும் ஆகாதா? என்ன ஜென்மங்களோ! அவள் குழந்தையைத் தாயிடமே கொடுத்தாள். "எம் வாயால வராது. நீங்களே சொல்லிக்குங்க." சத்யப்ரியாவின் தங்கை சொல்லி முடித்தாள்.

போன மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் விடவே இல்லை. கோபிநாத் போன் செய்தபோது நான் அவள் தறியருகில்தான் இருந்தேன்.

"அக்கா, ஜல்தியா படவேட்டுக்குப் போய் வேண்டிக்கினு வாக்கா. நீ கேட்டாத்தான் அம்மா குடுப்பா."

"எந்தப் பேர சொல்லிடா வேண்டிக்கிறது?"

அவள் போனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

"உனக்கு ரோஷமே கிடையாதாடி?" என்று கத்தினேன்.

"கொழந்த என்னாடி பண்ணுச்சி?"

திட்டிக்கொண்டே நானும் படவேட்டுக்குப் போகச் சந்தவாசல் பஸ்ஸில் ஏறினேன். சன்னதியில் அர்ச்சகர் தட்டை வாங்கி, "குழந்தை பேரு?" என்றார்.

"ரேணுகாம்பாள்" என்றாள். "ரேணுகாம்பாள். ரேணுகாம்பாள்."

அர்ச்சகருக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது.