தேறிய குழாய்

திருவொற்றியூரில் எத்திராஜின் வீட்டோடு தெரு முடிகிறது. தண்ணீர்க் குழாயும் அங்கேயே முடிகிறது. லேத்துப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பின், அவர் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே வகை: ஓட்டுக் கேட்பவர்கள், சௌமியா. ஓட்டு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, சௌமியா மாதம் ஒருமுறை. ஆகவே ஜனநாயகத்தைவிடக் குடிநீர்ப் பரிசோதனை மேல் என்பது எத்திராஜின் கட்சி.

சௌமியா தண்ணீர் அலுவலகத்தின் ஒப்பந்த ஊழியர். கடைசிக் குழாயின் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் ஏறுகிறதா என்று பார்ப்பாள். ஏறினால் குளோரின் இருக்கிறது, தண்ணீர் தேறியது. பிறகு ஒரு நாற்காலி, ஒரு டீ, "தூக்கம் வருதா தாத்தா?" என்று ஒரு கேள்வி. அந்த ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு எத்திராஜ் மாதத்தைக் கழித்துவிடுவார்.

விருந்தாளி வருகிறாள் என்றால் சும்மா இருக்க முடியுமா? அன்று விடியற்காலையே குழாயைத் தேய்த்து, அதன் வாய்க்குள் ப்ளீச்சிங் பவுடரை விரலால் அப்பி வைப்பார். பிடிக்கும் முன் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்பது சௌமியா கற்ற முறை. ஆனால் நூல் மாதிரி வருகிற தண்ணீரைச் சாக்கடையில் விட இந்தத் தெருவில் யாருக்கு மனம் வரும்? "வுடாதம்மா, பாவம்" என்பார் எத்திராஜ். அவளும் விடமாட்டாள். மஞ்சள் மாதாமாதம் பொன்னாக ஏறியது.

ஆண்டு அறிக்கை வந்தது, வழவழப்பான தாளில், அட்டையில் ஒரு நீலத் துளி சிரித்தபடி. அதன்படி அந்தத் தெருத் தண்ணீர் அமிர்தத்துக்குப் பங்காளி. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா குடத்தோடு வந்து நின்றாள்.

"இன்னா நைனா, உன் கொழாயில மட்டும் கங்கையா வருது? எங்க வூட்ல ஒரே கலீஜ். கம்ப்ளெயிண்ட் குடுத்தா, அறிக்கைல நல்லாகீதுன்னு போட்டுக்கீதேன்றான்!"

எத்திராஜ் குடிப்பது கேன் தண்ணீர். பட்டறைப் புகை தின்ற மூக்குக்கு நாற்றமும் எட்டாது.

அந்த மாதம் சௌமியா உட்காரவில்லை. "வருஷம் பூரா உங்க குழாய் பாஸ் தாத்தா. இனிமே இங்க எடுக்க வேணாமாம். வேற தெரு குடுத்துட்டாங்க."

பாஸானதற்கா தண்டனை? எத்திராஜ் உள்ளே போய் ப்ளீச்சிங் பவுடர் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார்.

"நாந்தாம்மா பூசி வெச்சேன். நீ வர்ற நாளாச்சேன்னு."

"அய்யோ தாத்தா, என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்களே!"

குழாயைத் துடைத்து, இம்முறை ஓடவிட்டாள். எத்திராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொட்டு விழுந்தது; மஞ்சள் ஏறவே இல்லை. அவருக்கு உள்ளூர ஒரே குஷி. ஃபெயிலான குழாயை விட்டுவிட்டு எவன் போவான்?

எவனும் போகவில்லை, கடப்பாரையோடு கூட்டமாக வந்தார்கள். தெருவைத் தோண்டி, சாக்கடைக்குள் முங்கிக் கிடந்த விரிசலைக் கண்டுபிடித்து, புதுக் குழாய் போட்டார்கள். சௌமியா இன்னும் இரண்டு முறை வந்தாள். தண்ணீர் நேர்மையாகவே தேறியது. அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்த எத்திராஜ், ஒருநாள் வெளியே எட்டிப் பார்த்தார். கோவிந்தம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கோவிந்தம்மா, தண்ணியில லேசா எதுனா நாத்தம் வருதா?"

"சேச்சே, பளிங்காட்டம் கீது நைனா. எல்லாம் உன் புண்ணியம்."

"நல்லா மோந்து பாரும்மா" என்றார் எத்திராஜ்.