சட்டத்துக்கு அடியில் நீலம்

அன்று காலை கடை திறந்ததிலிருந்தே அவள் கைக்கு எதுவும் அடங்கவில்லை. கண்ணாடியை அறுக்கக் கோடு போட்டாள். தட்டியதும் அது கோட்டை மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு மூலையைப் பார்த்து ஓடியது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் ஓடியது. உடைந்த துண்டுகளைச் சத்தமில்லாமல் பொறுக்கிப் பெட்டியில் போடப் பார்த்தாள். ஆனால் கண்ணாடி சத்தமில்லாமல் எங்கே விழும்?

"உனக்கும் கண்ணாடிக்கும் இன்னைக்கு என்னம்மா சண்டை?" என்று முன்பக்கத்திலிருந்து முதலாளி கேட்டார்.

"ஒண்ணுமில்லை, கை வழுக்குது."

"கை வழுக்கலை, மனசு வழுக்குது. போய்த் தண்ணி குடிச்சுட்டு வா."

தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், அலமாரியில் இருந்த போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். சாயங்காலத்துக்குள் பத்திரிகைக்காரருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவளுடைய கவிதை முதல்முறையாக அச்சில் வரும். அதே கவிதை வந்தால் தங்கை இனி அவளோடு பேசமாட்டாள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே பேச்சு நின்றுவிட்டது.

அது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. 'இங்கு சட்டம் போட்டுத் தரப்படும்' என்று வாசலில் பலகை தொங்கும். அதைப் படித்துவிட்டு ஒருமுறை ஒரு மனிதர் பத்திரங்களும் வழக்குத் தாள்களும் அடங்கிய கட்டோடு உள்ளே வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வக்கீல் எப்போது வருவார் என்று கேட்டார். "அய்யா, நாங்க போடற சட்டத்துக்கு நாலு மூலைதான் உண்டு, ஓட்டை கிடையாது" என்றார் முதலாளி. அந்தக் கதை தெருவெல்லாம் பரவி, கடைசியில் அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து தெருவுக்கு அவள் பெயர் 'சட்டம்'. "என்ன சட்டம், இன்னைக்கு லேட்டா?" என்பார் மருந்துக்கடைக்காரர். அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள். பதில் பேசுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை.

அப்பா படுத்த படுக்கையான வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டாள். முதலில் இந்தக் கடையைப் பெருக்க வந்தாள். பிறகு ஆணி எடுத்துக் கொடுத்தாள், பிறகு அட்டை வெட்டினாள், இப்போது அவள் கை படாமல் எந்தப் படமும் கடையை விட்டுப் போவதில்லை. கல்யாணம் பேசி வந்தார்கள், போனார்கள். யாரும் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வேண்டும் என்றும் வாய் திறக்கவில்லை. வந்தவர்கள் அந்த மௌனத்தைத் தங்களுக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

கவிதை எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. எதில் வந்தது என்று கேட்டால் சொல்வாள். படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையின் நடுவே சன்னல்போல வெட்டி எடுக்க வேண்டும். வெட்டி எடுத்த நடுத்துண்டு குப்பைக்குப் போகும். வழவழப்பான, நல்ல அட்டை. போடுவதற்கு மனசு வரவில்லை. ஒருநாள் ஒரு துண்டில், அதன் இடத்தில் உட்காரப்போகும் படத்தில் என்ன இருந்ததோ அதை இரண்டு வரியில் எழுதிப் பார்த்தாள். அப்படித்தான் தொடங்கியது. பெரிய படங்கள் வந்த வாரங்களில் வரிகள் நீளும். பாஸ்போர்ட் படங்களை ஒட்டி மாட்டும் சின்னச் சட்டங்கள் வந்தால் கவிதையும் சுருங்கும். ஆற்றங்கரை, குதிரை, பழக்கூடை, செத்துப்போனவர்களின் முகம் என்று எது கடைக்கு வந்ததோ அது அட்டையில் ஏறியது. தன்னைப் பற்றி அவள் எழுதியதே இல்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு பழைய ஓவியம் வந்தது. சட்டம் இற்றுப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு குடும்பம் கொண்டுவந்து கொடுத்தது. சன்னலுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முதுகுதான் நமக்குத் தெரிகிறது. சுவர் சாம்பல், வெளிச்சம் சாம்பல், அவள் உடுப்பும் சாம்பல். "மழைநாள் போலிருக்கு" என்றார் முதலாளி.

அவள் பழைய சட்டத்தைக் கழற்றினாள். ஓரத்தில், சட்டத்தின் உதட்டுக்கு அடியில் இத்தனை வருஷம் ஒளிந்திருந்த விரல் அகலக் கீற்றில், நீலம். சாதாரண நீலமில்லை. புதுச் சீட்டித்துணியைப் பிரித்தவுடன் கண்ணில் அடிக்குமே, அந்த நீலம். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்துச் சாம்பலாகியிருக்கிறது. படாத இடம் அப்படியே இருக்கிறது. அது மழைநாளே இல்லை!

அன்றைக்கு வேலை ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. அந்தப் பெண்ணின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுவதுபோல் இருந்தது. கையில் கிடைத்த அட்டைத் துண்டில் எழுதினாள்.

*சன்னலுக்கு முதுகில்லை,*
*அவளுக்கு முகமில்லை.*
*ஆறிப்போன தேநீர்மேல்*
*ஓர் ஆடை படர்ந்தது.*
*அதை மட்டும் உடுத்திக்கொண்டு*
*மாலைவரை இருந்தாள்.*

படம் எடுத்துக்கொள்ள வந்த ஒரு வாடிக்கையாளர் மேசைமேல் அதைப் பார்த்துவிட்டார். அவருடைய சினேகிதர் ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறார். போனில் படம்பிடித்து அனுப்பிவிட்டார். நேற்று அந்தப் பத்திரிகைக்காரர் அச்சுப் பக்கத்தையே அனுப்பியிருந்தார். "கடைசி ரெண்டு வரிக்காகவே போடறோம். பேரை மட்டும் சரிபார்த்து நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

வீட்டுக்கு ஓடினாள். ஓடினாள் என்றால் நிஜமாகவே ஓடினாள், செருப்பு வார் அறுந்தது. தங்கை தையல்மெஷினில் இருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்து நாலைந்து வருஷமாகிறது. ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இப்போது தெருவில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது தங்கை தைத்ததுதான்.

போனை நீட்டினாள். தங்கை நூலைப் பல்லால் கடித்தபடியே படித்தாள். நூல் அறுந்தது. மறுபடி படித்தாள்.

"யாருக்கா இது?"

"கடைக்கு வந்த ஒரு படம்டி. அதுல ஒரு பொம்பளை..."

"அந்தப் படத்துல அவ துணி இல்லாமலா உக்காந்திருக்கா?"

"ஐயோ, இல்லை! ஆடைன்னா டீ மேல படியற ஆடை."

"எனக்குத் தெரியாதா? ஆனா 'அதை மட்டும் உடுத்திக்கொண்டு'ன்னு போட்டிருக்கியே. படிக்கிறவன் டீயையா பாப்பான்?" தங்கை போனைத் திருப்பி மேசையில் கவிழ்த்தாள். "அந்தப் படக் கதையெல்லாம் வேண்டாம். வந்த புதுசுல சன்னல், டீ, சாயங்காலம் வரைக்கும். அது நான். ஊர்ல எல்லாருக்கும் துணி தெச்சுக் குடுக்கிறேன் நான். என்னைத் துணி இல்லாம உக்கார வெச்சுட்ட நீ."

"உன்னை நான் நினைக்கவே இல்லை. படத்தைப் பாத்துதான் எழுதினேன். வேணும்னா நாளைக்குக் கடைக்கு வந்து பாரு."

"பாக்கறேன்" என்றாள் தங்கை. அதுதான் கடைசிப் பேச்சு. சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்ட சத்தம் மட்டும் கேட்டது.

அதனால்தான் இன்று கண்ணாடி ஓடுகிறது. அவள் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். ஓவியத்தைத் திருப்பி வைத்தாள், மறுபடி நேராக வைத்தாள். மூலை ஒட்டும் பசையைப் பசை போட்ட மூலைக்கே இன்னொரு தரம் போட்டாள்.

மத்தியானம் தங்கை வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்க, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த கோபத்தோடு.

"வாம்மா" என்றார் முதலாளி. "அக்காவைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போயிடேன். சாயங்காலத்துக்குள்ள கடையில கண்ணாடியே மிஞ்சாது போல."

"எங்க அந்தப் படம்?"

அவள் காட்டினாள். தங்கை துணியின் தரம் பார்ப்பவள்போல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம்.

"டீ எங்க?"

"அதோ, கையில..." என்று சொல்லிக்கொண்டே அவள் விரலை நீட்டினாள். விரல் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணின் கைகள் மடியில் இருந்தன. முதுகு மறைத்த இடம் போக முழங்கை மட்டும் தெரிந்தது. தம்ளர் இல்லை. சன்னல் திண்டில் இல்லை. தரையில் இல்லை. ஒரு மாதமாகத் தினமும் துடைத்து எடுத்துவைத்த படம். அதில் தம்ளர் இருந்தது என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருப்பாள்.

"இல்லையே" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல்.

"இல்லைதானே" என்றாள் தங்கை. குரலில் வெற்றி இருக்கும் என்று அக்கா எதிர்பார்த்தாள், இல்லை. "நீ என்னைத்தான் பாத்திருக்க. தினமும் கதவுகிட்ட நின்னு பாப்ப. டீயை வெப்ப, ஒரு நிமிஷம் நிப்ப, போயிடுவ. என்னடி ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை."

"கேட்டா அழுவியோன்னு..."

"அழுதிருப்பேன். அதுக்கென்ன?"

முதலாளி முன்பக்கத்தில் எழுந்து, தேவையில்லாமல் பலகையின் தூசியைத் தட்டப் போனார்.

அக்காவால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கத்தியை எடுத்து அட்டையில் வைத்தாள், வெட்டாமல் எடுத்தாள். கவிதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். போன் பண்ண அரை நிமிஷம் போதும். ஆனால் போனை எடுக்கப் போன கை மறுபடி கத்தியையே எடுத்தது. இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவள் முதல்முறையாகத் திறந்தாள், அதுவும் தங்கையின் வாயை வாங்கித் திறந்திருக்கிறாள்.

"இது என்ன நீலம்?" என்றாள் தங்கை. படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் படாத இடம். முழுசும் முதல்ல இப்படித்தான் இருந்திருக்கும்."

"சாயம் போயிருக்கு" என்றாள் தங்கை. அது அவளுக்குத் தெரிந்த விஷயம். "இதை வெளியில விடுவியா?"

"விட முடியாது. சட்டத்துக்குப் பிடிக்க இடம் வேணும். இந்த ஓரத்தைக் கவ்வித்தான் படம் நிக்கும்."

தங்கை அந்தக் கீற்றின்மேல், படாமல், விரலை ஓட்டினாள். மடிப்புக்கு உள்ளே போகும் தையலைப் பார்ப்பவள் முகம் அது. நிமிர்ந்து சொன்னாள்:

"அக்கா, இன்னொண்ணும் தப்பு. நான் சாயங்காலம் வரைக்கும் அப்படியே உக்காந்திருக்கலை."

"தம்ளர் அப்படியே இருக்குமே. நான் வரும்போது..."

"காலி தம்ளர். நீ உள்ள பாத்தியா? நீ போனதும் அந்த ஆடையை விரலால எடுத்து, சன்னல்ல தொடச்சுட்டு, பச்சைத் தண்ணி மாதிரி ஆறிப்போனதைக் குடிச்சுடுவேன். தினமும். ஒருநாளாவது சர்க்கரை சரியா போட்டியா நீ?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அத்தனை நாள் கண்ணை அகல விரித்துப் பார்த்தவள், தான் திரும்பிய பிறகு அந்த அறையில் என்ன நடந்தது என்று ஒருதடவைகூட யோசிக்கவில்லை.

"அதைப் போடட்டுமா?" என்று கேட்டாள். அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கேட்டுவிட்டாள்.

தங்கை அளவு நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள். "எதை?"

"எடுத்துத் தொடச்சுட்டுக் குடிச்சதை."

"உடுத்தினது போயிடுமா?"

"போயிடும்."

"அப்படின்னா போடு."

நடுத்துண்டு ஒன்றை இழுத்து, நின்றபடியே எழுதினாள். அடித்தாள், எழுதினாள். பிறகு போன் பண்ணிப் புது வரிகளை வாசித்தாள்.

"மேடம், என்ன சொல்றீங்க?" என்றார் பத்திரிகைக்காரர். "அந்த ரெண்டு வரிதானே கவிதையே! ஆடைங்கற வார்த்தை அங்க எப்படி வெளையாடுது. இதுல வெறும் டீயைக் குடிக்கிறாங்க, அவ்வளவுதான்."

"ஆமாங்க. குடிக்கிறாங்க."

"பளிச்சுனு இல்லையே."

"சாயம் போகாதுங்க" என்றாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே பதறியது.

"யோசிச்சுச் சொல்றேன். இடம் இருந்தா பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

வருமா வராதா? தெரியவில்லை. போனை அலமாரியில் வைத்தாள். உடனே எடுத்தாள். தங்கை அதற்குள் அட்டையைப் பிடுங்கி, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

*விரலால் ஆடையை விலக்கிச்*
*சன்னல் கம்பியில் துடைத்தாள்.*
*பிறகு குடித்தாள்.*

"கம்பின்னு எழுதியிருக்க."

"ஆமா, சன்னல் கம்பி."

"நம்ம வீட்டு சன்னல்ல ஏதுக்கா கம்பி? கொக்கிதானே இருக்கு. உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? இந்தப் படத்துல இருக்கற கம்பியைப் பாத்து எழுதியிருக்க!"

திரும்பிப் பார்த்தாள். படத்துச் சன்னலில் கம்பி இருந்தது. தம்ளரைப் படத்தில் கொண்டுபோய் வைத்தவள் இப்போது படத்துக் கம்பியை வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறாள்.

"அய்யோ" என்று மறுபடி போனைத் தட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஒரு கையில் போனும் மறு கையில் பென்சிலுமாகக் கம்பியை அடித்துவிட்டுக் கொக்கி என்று எழுதினாள்.

தங்கை வாசலை அடைந்திருந்தாள். வேலை பாதியில் கிடக்கிறது. படியில் நின்று திரும்பினாள்.

"அப்புறம், விரல்னு மொட்டையா போட்டிருக்கியே. எந்த விரல்?"

அவளுக்குத் தெரியவில்லை.

"எந்த விரல்டி?" என்று கேட்டுக்கொண்டே, போனைக் காதிலிருந்து எடுக்காமல், கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி வாசலுக்கு ஓடினாள்.